சீனியர் ஆளுங்கள வெளிய அனுப்புன அன்னைக்கே அந்தக் கடை முடிஞ்சிடுச்சி: வேலூர் எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம் குளோசிங் சேல் ரிவ்யூ

ரேட்டிங்க முதல்லயே சொல்லிட்றேன். கடைல வேலை பார்த்த ஸ்டாஃபுக்கு அஞ்சுக்கு அஞ்சு. இப்ப ஓடிக்கினு இருக்கற குளோசிங் சேலுக்கு ரெண்டு. அந்த செயினை நடத்துன மேனேஜ்மென்ட்டுக்கு ஒண்ணு குடுக்கக்கூட மனசு வரல. கடை பேரு போடல, திவால் கேஸ் சென்னை என்சிஎல்டில (கம்பெனி கேஸுங்களைப் பாக்கற ட்ரிப்யூனல்) நடக்குது, ஸ்டாஃப்ல பாதி பேருக்கு மேல இன்னும் சம்பள பாக்கி வரல, நான் எழுதறதால அவங்கள்ல யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்துடக்கூடாது. டவுனுக்குள்ள டிவி, ஃப்ரிட்ஜ் வாங்கப் போனவங்க நிறைய பேருக்கு எந்தக் கடைன்னு படிக்கும்போதே புரிஞ்சிடும்.

சேலுக்குப் போலாமா வேணாமான்னு தெரிஞ்சிக்க வந்தவங்களுக்கு அதுவும் கீழ இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி அந்தக் கடை எதனால நல்ல கடையா இருந்துதுன்னு சொல்லணும், அது தெரியாம இந்த சேலைப் பத்தி பேசி பிரயோஜனம் இல்ல.

அங்க விலை ஒண்ணும் ரொம்ப கம்மி கிடையாது. ஆன்லைன்ல ஆயிரம், ரெண்டாயிரம் கம்மியா கிடைக்கும், எல்லாருக்கும் தெரியும். இருந்தும் சத்துவாச்சாரில இருந்தும் காட்பாடில இருந்தும் ஏன் குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டுல இருந்தும் கூட ஜனங்க பஸ் ஏறி வந்தாங்கன்னா அதுக்குக் காரணம் ஆளுங்க தான். வாஷிங் மெஷின் செக்ஷன்ல ஒரு அண்ணன் இருந்தாரு, ஒடுகத்தூர் பக்கம், பத்து வருஷத்துக்கு மேல அதே கடை. நாங்க மெஷின் வாங்கப் போனப்ப வீட்ல எல்லாரும் ஃப்ரன்ட் லோடுன்னு முடிவு பண்ணிக்கினு தான் போனோம். அவரு மாடல் எதையும் காட்டல, முதல்ல கேட்டது "சார், உங்க வீட்ல போர் தண்ணியா, காவிரி தண்ணியா?" போர்னு சொன்னோம். எந்த ஏரியா, எத்தனை அடி, பக்கெட்ல வெள்ளையா படியுதா, கீசர் காயில் எத்தனை தடவை மாத்தினீங்கன்னு வரிசையா கேட்டாரு. வேலூர்ல போர் தண்ணி உப்பு எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேணாம், குழாய் வாயில சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கும். "அந்த தண்ணில ஃப்ரன்ட் லோடு ஹீட்டர் மேல உப்பு படிஞ்சிக்கினே போவும் சார், அப்பறம் என்னைத் தான் திட்டுவீங்க, இத்த வாங்குங்க" ன்னு சொல்லி எங்க பட்ஜெட்டுக்குப் பாதி விலைல ஒரு டாப் லோடு மெஷினைக் காட்டினாரு. ஃப்ரன்ட் லோடு வித்திருந்தா அவருக்கு இன்சென்டிவ் அதிகம். அது அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சி தான் சொன்னாரு. அந்த மெஷின் இன்னிக்கும் எங்க வீட்ல ஓடுது, அதுக்கப்பறம் எங்க சித்தப்பா வீட்டு ஃப்ரிட்ஜ், மச்சான் கல்யாணத்துக்கு சீர் சாமான், அக்கா வீட்டு ஏசி எல்லாமே அவர்கிட்ட தான் போச்சு.

பில்லிங்ல ஒரு அக்கா இருந்தாங்க. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வர்ற மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்து ஜனங்க மாசக்கணக்குல லாட்ஜ்ல தங்குவாங்க இல்ல, அவங்க தானே சமைச்சி சாப்புட்றவங்க, அதனால இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன ரைஸ் குக்கர், டேபிள் ஃபேன் இதுங்க அந்தக் கடைல நல்லா போவும். அந்த அக்கா பெங்காலி யார்கிட்டயும் போய் கத்துக்கல, கவுன்ட்டர்ல நின்னு நின்னு பேசியே கத்துக்கினாங்க. ஒரு நாள் நான் வரிசைல நிக்கும்போது முன்னாடி ஒரு வயசானவர், தலைல ஆபரேஷன் ஆன பையனைக் கூட்டிக்கினு வந்திருந்தாரு, கைல எடுத்து வச்சிருந்தது பெரிய அடுப்பு. இந்த அக்கா அவர் தங்கி இருக்கற லாட்ஜ் பேரைக் கேட்டுட்டு, அங்க ப்ளக் பாயிண்ட் இவ்ளோ வாட்ஸ் தாங்காது, டிரிப் ஆவும், ஓனர் சண்டைக்கு வருவாருன்னு அவங்க பாஷைலயே சொல்லி சின்னதா மாத்திக் குடுத்தாங்க. காந்தி ரோட்ல எந்த லாட்ஜ்ல எந்த ஒயரிங்னு கூட தெரிஞ்ச ஒரு கேஷியர். இந்த மாதிரி ஆளை எந்தக் காலேஜ்ல இருந்து எடுக்க முடியும் சொல்லுங்க.

கடை மூடறதுக்கு ரெண்டு வருஷம் இருக்கும், அப்ப தான் ஹெட் ஆபீஸ்ல இருந்து "காஸ்ட் கட்டிங்"னு ஆரம்பிச்சாங்க. சம்பளம் ஜாஸ்தியா வாங்கறவங்க லிஸ்ட் எடுத்தாங்களாம். ஜாஸ்தின்னா என்ன லட்சமா, பத்து வருஷம் நின்னவருக்கு இருபதாயிரத்துக்கு மேல ஏதோ வந்துக்கினு இருந்துது, அவ்ளோதான். வாஷிங் மெஷின் அண்ணன், டிவி செக்ஷன்ல இருந்த பாய் ஒருத்தர், ஏசி பத்தி எல்லாம் தெரிஞ்ச ஒரு பையன், இவங்களையெல்லாம் ஒண்ணு தூரமான பிராஞ்சுக்கு மாத்தறேன்னாங்க இல்ல நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னாங்க. வேலூர்ல பொண்டாட்டி புள்ளைங்கள வச்சிக்கினு கர்நாடகாவுக்குப் போய் என்ன பண்ணுவாங்க, எழுதிக் குடுத்தாங்க. அந்த இடத்துக்கு பாதி சம்பளத்துக்கு புதுப் பசங்க வந்தாங்க. பசங்க மேல தப்பே இல்ல, நல்ல பசங்க, ஆனா ஒரு வாரம் டிரெய்னிங் குடுத்து ஃப்ளோர்ல விட்டா அவங்க என்ன பண்ணுவாங்க, மாடல் மேல ஒட்டி இருக்கற ஸ்டிக்கரைப் படிப்பாங்க. ஸ்டிக்கரை நானே படிப்பேனே, அதுக்கு எதுக்கு நான் பஸ் ஏறி டவுனுக்கு வரணும், ஆன்லைன்லயே போட்டுட்டுப் போயிடுவேன். அப்படித்தான் ஜனங்க போனாங்க.

இது புதுக் கதை இல்ல. அமெரிக்கால சர்க்யூட் சிட்டின்னு ஒரு எலக்ட்ரானிக்ஸ் செயின் இருந்துது, 1949ல வர்ஜீனியால ரிச்மண்ட்ல ஆரம்பிச்ச கம்பெனி, ஒரு காலத்துல அந்த ஊர்ல எலக்ட்ரானிக்ஸ்னா முதல்ல வர்ற பேர்ல அதுவும் ஒண்ணு. 2003ல கமிஷன் முறையை எடுத்துட்டு கமிஷன்ல இருந்த சேல்ஸ் ஆளுங்க சுமார் 3,900 பேரை அனுப்பினாங்க. திரும்ப 2007 மார்ச்ல சுமார் 3,400 பேரை ஒரே அடியா அனுப்பினாங்க, காரணம் வேலை சரியில்லன்னு இல்ல, மார்க்கெட் ரேட்டை விட அதிக சம்பளம் வாங்கறாங்கன்னு அவங்களே வெளிப்படையா சொன்னாங்க, அந்த இடத்துக்கு கம்மி சம்பளத்துக்கு ஆள் எடுத்தாங்க. பத்து வாரம் கழிச்சி வேணும்னா கம்மி சம்பளத்துக்கு நீங்களே திரும்ப அப்ளை பண்ணிக்கலாம்னு வேற சொன்னாங்க. 2008 நவம்பர் 10ம் தேதி திவால் மனு போட்டாங்க. 2009 ஜனவரி 16ம் தேதி மிச்சம் இருந்த 567 கடையையும் மூடறோம்னு அறிவிப்பு, சுமார் 34,000 பேருக்கு வேலை போச்சு, மார்ச் 8ம் தேதியோட கடைசிக் கடையும் மூடியாச்சு. அந்த வருஷம் உலகம் பூரா பொருளாதாரம் படுத்துது, போட்டிக் கடைங்களும் ஆன்லைனும் வேற இருந்துது, கடன் குடுக்கறவங்க கையை விரிச்சாங்க, அதெல்லாம் உண்மை. ஆனா கஷ்ட காலம் வர்றப்ப கடையைத் தாங்கிப் புடிக்கறதுக்கு இருந்த ஆளுங்கள முன்னாடியே வெளிய தள்ளிட்டாங்க இல்ல. அதைத் தான் நம்ம ஊர் கடைலயும் பண்ணாங்க, ஆயிரக்கணக்குல இல்ல, ஒரு பிராஞ்சுக்கு நாலஞ்சு பேரு, அது போதும்.

அதுக்கப்பறம் கடை எப்படி இளைச்சிதுன்னு அடிக்கடி போறவங்களுக்குக் கண்ணு முன்னாடியே தெரிஞ்சிது. எலக்ட்ரானிக்ஸ் கடைல பெரும்பாலும் சரக்கு டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட கடனுக்குத் தான் வரும், வித்துட்டு இத்தனை நாள்ல குடுக்கணும்னு கணக்கு, நடுவுல பேங்க் லோன். குடுக்க வேண்டிய நாள் தாண்ட ஆரம்பிச்சா டிஸ்ட்ரிப்யூட்டர் முதல்ல ஓடற மாடலை நிறுத்துவாரு. அதனால கடைல டிஸ்ப்ளே நிறைய இருக்கும், கேட்டா "ஸ்டாக் நாளைக்கு வந்துடும் சார்"ம்பாங்க. அந்த நாளைக்கு வரவே வராது. அப்பறம் ரெண்டாவது மாடில ஏசி போடறதை நிறுத்தினாங்க, மே மாசத்துல, நம்ம ஊர் வெயில்ல. அக்னி நட்சத்திரத்துல ஏசி விக்கற கடைலயே ஏசி ஓடல, யூனிஃபார்ம் நனைஞ்சி முதுகுல ஒட்டிக்கினு அந்தப் பசங்க நிக்கறாங்க. உக்கார்றதுக்கு ஸ்டூல் குடுக்கணும்னு நம்ம கவர்மென்ட் 2021ல சட்டம் கொண்டு வந்துது, கேரளாவுக்கு அப்பறம் நம்ம ஸ்டேட்ல தான் வந்துது, நல்ல சட்டம், அதுக்காக நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தாங்க, அதுமேல ஆஃபர் போர்டை வச்சிருந்தாங்க.

சம்பளம் முதல்ல அஞ்சாம் தேதி, அப்பறம் பதினஞ்சு, அப்பறம் பாதி இப்ப மீதி அப்பறம். தீபாவளிக்கு இன்சென்டிவ் குடுக்கல. கடைசியா பேப்பர்ல திவால் நடவடிக்கை நோட்டீஸ் வந்துது. ஸ்டாஃப்ல நிறைய பேருக்கு அந்த நோட்டீஸ் வந்ததே தெரியாது, கஸ்டமர் ஒருத்தர் ஃபோன்ல ஃபோட்டோ காட்டித் தான் தெரியும்னு பில்லிங் அக்கா சொன்னாங்க. எனக்கு அதுல தான் ரொம்ப வயித்தெரிச்சல். பத்து வருஷம் கடையைத் திறந்து மூடுனவங்களுக்கு கடை முடிஞ்சிதுன்ற சேதியை வாங்க வந்தவன் சொல்றான்.

சரி, இப்ப சேலுக்கு வர்றேன்.

வெளிய பெரிய பேனர், எழுபது பர்சன்ட் வரைக்கும் தள்ளுபடின்னு. உள்ள போனா எழுபது இருக்கறது ஃபோன் கவர், ஸ்க்ரீன் கார்டு, ரிமோட் கவர், பழைய மாடல் ஹெட்செட். டிவி, ஃப்ரிட்ஜ்ல எல்லாம் பத்துல இருந்து இருபது தான், அதுவும் எம்ஆர்பி மேல கணக்கு போட்டு. எம்ஆர்பில யாரு எப்பயும் வாங்கினாங்க, அதனால அங்க நின்னே ஃபோன்ல அதே மாடல் நம்பரைப் போட்டுப் பாருங்க, நான் பார்த்ததுல பாதி மாடல் வெளியயே அதே விலைக்கு இல்ல கம்மிக்குக் கிடைக்குது. திரும்ப எடுத்துக்க மாட்டோம்னு பில்லுலயே சீல் வச்சிருக்காங்க, அதனால அங்கயே பிரிச்சி, கரன்ட் குடுத்து, ஓட்டிப் பார்த்துட்டு காசு குடுங்க.

டிஸ்ப்ளே பீஸ் தான் நிறைய. எல்லா டிஸ்ப்ளே பீஸும் ஒண்ணு இல்ல. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் டிஸ்ப்ளே பெரும்பாலும் ஒரு நாள் கூட கரன்ட் பார்த்திருக்காது, கதவைத் திறந்து மூடுனது தான், கேஸ்கெட் ரப்பர், கீறல், உள்ள இருக்கற ட்ரே எல்லாம் இருக்கான்னு பார்த்துட்டு வாங்கலாம். ஃப்ரன்ட் லோடு மெஷின்னா பின்னாடி டிரான்சிட் போல்ட் இருக்கான்னு கேளுங்க, அது இல்லாம டெம்போல ஏத்தினா டிரம் ஆடி உள்ள அடி வாங்கும். டிவி டிஸ்ப்ளே பீஸ் நான் வேணாம்னு தான் சொல்வேன். அது காலைல கடை திறந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் ஃபுல் பிரைட்ல வருஷக்கணக்கா ஓடுனது. சுவத்துல மாட்டி இருக்கற ஏசியைத் தொடாதீங்க, சிலது உள்ள ஒண்ணுமே இல்லாத வெறும் கூடு.

வாரண்ட்டி பத்தி நிறைய பேர் பயப்படறாங்க. கம்பெனி வாரண்ட்டி பிராண்டு குடுக்கறது, கடை மூடுனாலும் அது இருக்கும், ஆனா ஜிஎஸ்டி நம்பரோட ஒழுங்கான பில் வேணும். டிஸ்ப்ளே பீஸ்னா சீரியல் நம்பரை பிராண்டோட கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லி வாரண்ட்டி எந்தத் தேதில இருந்து ஓடுதுன்னு கேட்டுட்டு அப்பறம் பணம் குடுங்க, கணக்குல வித்த மாதிரி முன்னாடியே ஏத்தி இருந்தா வாரண்ட்டி பாதி கரைஞ்சி போயிருக்கும். முன்னாடி எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி வாங்கி இருக்கறவங்க அந்த பேப்பரை எடுத்துப் பாருங்க, பின்னாடி இன்சூரன்ஸ் கம்பெனியோ வேற சர்வீஸ் கம்பெனியோ பேரு இருந்தா அவங்ககிட்ட கேக்கலாம், கடையே சொந்தமா குடுத்ததுன்னா அதுவும் இப்ப கடன்காரங்க வரிசைல நிக்கற ஒரு பாக்கி தான். கிஃப்ட் வவுச்சர் வச்சிருக்கறவங்களுக்கும் அதே நெலமை. ஆஸ்திரேலியால டிக் ஸ்மித்னு எலக்ட்ரானிக்ஸ் செயின் 2016 ஜனவரில விழுந்தப்ப கிறிஸ்துமஸுக்கு வாங்கின கிஃப்ட் கார்டு எதையும் ஏத்துக்கல. இஎம்ஐல வாங்குனவங்க கடை மூடிடுச்சின்னு கட்டாம விட்றாதீங்க, அந்தக் கடன் ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட, அவங்க எங்கயும் போகல.

இதெல்லாம் வாங்கறவங்களுக்கு. அங்க நின்னுக்கினு விக்கறவங்களுக்கு என்னன்னு பார்த்தா, அந்த சேலை நடத்தறது வேலை போகப் போற அதே ஆளுங்க தான். ரேக் காலி ஆக ஆக அவங்க நாளும் குறையுது, ஸ்டாக் முடிஞ்சா பிராஞ்சு முடிஞ்சிது. அப்பயும் ஒரு பொண்ணு, வேலைக்கு வந்து ஒரு வருஷம் கூட இருக்காது, மிக்ஸி ஜார் மூடி மேட்ச் ஆகலன்னு மூணு டப்பாவைப் பிரிச்சி தேடிக் குடுத்துது. வாங்க வந்த ஜனங்க சில பேர் பேசற பேச்சு தான் தாங்க முடியல. "மூடப் போற கடை தானே, இன்னும் கொறைங்க", "நீங்க எல்லாம் ஏமாத்திட்டுப் போறீங்க"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட கத்தறாங்க. அந்தப் பொண்ணு என்ன ஏமாத்துச்சி, அதுக்கே ரெண்டு மாச சம்பளம் வரல. தயவுசெஞ்சி போறவங்க அங்க நிக்கறவங்ககிட்ட மரியாதையா பேசுங்க, விலையை முடிவு பண்றது அவங்க இல்ல.

இத்த அந்தக் கடை ஸ்டாஃப் யாராவது படிச்சா, இல்ல உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இந்த மாதிரி கம்பெனில இருந்தா, கொஞ்சம் கவனிங்க. 2016ல வந்த திவால் சட்டத்துல வேலை பார்த்தவங்களும் கடன்காரங்க தான், கம்பெனி உங்களுக்கு பாக்கி வச்சிருக்கு. ஆனா யாரும் வீட்டுக்கு வந்து குடுக்க மாட்டாங்க, நீங்க தான் கேக்கணும். ஃபார்ம் 'டி'ன்னு ஒண்ணு இருக்கு, தனி ஆளா குடுக்கலாம், எல்லாரும் சேர்ந்து ஒருத்தரை வச்சி குடுக்கறதுன்னா ஃபார்ம் இ. திவால் நடவடிக்கையை நடத்தறதுக்குப் போட்டிருக்கற ரெசல்யூஷன் ப்ரொஃபெஷனலோட அட்ரஸும் ஈமெயிலும் அந்தப் பேப்பர் நோட்டீஸ்லயே இருக்கும், அதுக்கு அனுப்பணும், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள சிலிப், சம்பளம் ஏறுன பேங்க் ஸ்டேட்மென்ட் இதுங்க தான் ஆதாரம், ஃபீஸ் எதுவும் கிடையாது. நோட்டீஸ்ல 14 நாள் கெடு இருக்கும், தாண்டிட்டாலும் திவால் நடவடிக்கை ஆரம்பிச்ச தேதில இருந்து 90 நாள் வரைக்கும் குடுக்க வழி இருக்கு, அதனால போச்சேன்னு விட்றாதீங்க. கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கற சிலிப், மெயில் எல்லாத்தையும் லாகின் இருக்கும்போதே எடுத்து வச்சிக்குங்க, பிராஞ்சு மூடுன மறுநாள் லாகின் வேலை செய்யாது.

கம்பெனி மீளாம கடைசில லிக்விடேஷன் (சொத்தை வித்து கம்பெனியையே முடிக்கறது) ஆயிட்டா, அந்த ஆர்டரே ஊழியர் எல்லாருக்கும் வேலை முடிஞ்சிதுன்ற நோட்டீஸ் தான்னு சட்டம் சொல்லுது. அப்ப விக்கற சொத்துல முதல்ல நடவடிக்கை செலவு, அப்பறம் சட்டப்படி ஒர்க்மேன், அதாவது தொழிலாளின்னு வர்றவங்களுக்கு 24 மாச பாக்கி வரைக்கும் பேங்குக்கு சமமா, அதுக்கு அடுத்த வரிசைல மத்த ஊழியருக்கு 12 மாச பாக்கி வரைக்கும். கடை சேல்ஸ்மேன் இதுல எந்த வரிசைன்றதுல தகராறு வரும், அதுக்காக லேபர் கேஸ் பாக்கற வக்கீலை ஒரு தடவை பார்க்கறது நல்லது, பத்து பேரு சேர்ந்து போனா செலவு கம்மி. பிஎஃப், கிராஜுவிட்டி ஃபண்டுல இருக்கற பணம் அந்த லிக்விடேஷன் சொத்துலயே சேராது, அது உங்க காசு. ஆனா ஃபண்டுல இருக்கணும் இல்ல, அதான் விஷயம், சிலிப்ல பிடிச்சிருப்பாங்க, பாஸ்புக்ல ஏறி இருக்காது. உமங் ஆப்ல பாஸ்புக்கை மாச மாசமா பாருங்க, விட்டுப் போயிருந்தா ஈபிஎஃப்ஓல கம்ப்ளெயின்ட் குடுங்க, வேலூர்லயே ரீஜனல் ஆபீஸ் இருக்கு, சென்னை வரைக்கும் அலைய வேணாம். அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவங்களுக்கு கிராஜுவிட்டி உண்டு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். நம்ம ஸ்டேட் கடைகள் சட்டம் 1947ல போட்டது, ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து வேலை பார்த்த ஆளை நியாயமான காரணம் இருந்தா கூட ஒரு மாச நோட்டீஸ் இல்ல ஒரு மாச சம்பளம் குடுக்காம நிறுத்தக்கூடாதுன்னு அதுல இருக்கு. "நீங்களே எழுதிக் குடுங்க"ன்னு கேக்கறது இதுக்குத் தான், எழுதிக் குடுத்துட்டா ராஜினாமா ஆயிடும்.

இந்த ஃபார்ம்ல வராத ஆளுங்க தான் இன்னும் பாவம். ஃப்ளோர்ல ஒவ்வொரு பிராண்டு டி-ஷர்ட்லயும் ஒருத்தர் நிப்பாங்க இல்ல, ப்ரமோட்டர், அவங்க கடை ஆளே கிடையாது, பிராண்டு ஒரு ஏஜென்சி மூலமா எடுத்த ஆளு. கடை மூடுனா அவங்களுக்கு இந்தக் கடைகிட்ட கேக்க ஒண்ணுமில்ல, ஏஜென்சி வேற கடை காட்டினா உண்டு, இல்லன்னா வீடு. கீழ செக்யூரிட்டி தாத்தா, ஹவுஸ்கீப்பிங் அம்மா ரெண்டு பேரும் கான்ட்ராக்ட். டெலிவரிக்கு டெம்போ ஓட்டின அண்ணனுக்கு நாலு மாச வாடகை பாக்கி, வண்டி மேல இஎம்ஐ ஓடுது, அவரு ஸ்டாஃப் இல்ல, ஃபார்ம் 'பி'ல குடுக்கணும், சப்ளையர் வரிசை, பேங்கும் ஸ்டாஃபும் எடுத்த பிறகு தான் அவங்களுக்கு. வாசல்ல டீக்கடை வச்சிருக்கறவரு கடை ஸ்டாஃப் கணக்கு நோட்டை என்கிட்ட காட்டினாரு, ஒரு பக்கம் பூரா பேரு, ஒருத்தர் பேருக்கும் அடிச்சி விடல. "குடுப்பாங்க சார், நல்ல பசங்க, சம்பளம் வரட்டும்"ன்றாரு.

இங்கிலாந்துல காமெட்னு ஒரு செயின், இதே டிவி, வாஷிங் மெஷின் வியாபாரம். 2012 பிப்ரவரில அதை வெறும் 2 பவுண்டுக்கு (அந்த ஊர் காசு) ஒரு முதலீட்டு கம்பெனிகிட்ட கைமாத்தினாங்க, அதே வருஷம் நவம்பர்ல விழுந்துது, டிசம்பர் 18ம் தேதி கடைசிக் கடைங்க மூடுனப்ப சுமார் 7,000 பேருக்கு வேலை இல்ல. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். ஆனா அந்த ஊழியருங்க விடல, எங்களை முறையா கலந்து பேசாம வேலைய விட்டு எடுத்தாங்கன்னு ட்ரிப்யூனல் போய் 2014ல ஜெயிச்சாங்க. நம்ம பக்கம் சுபிக்ஷா ஞாபகம் இருக்கும், 1997ல சென்னைல ஆரம்பிச்சி மளிகை, மருந்து, கடைசில மொபைல் ஃபோன் வரைக்கும் வித்தாங்க, நாடு பூரா சுமார் 1,600 கடை, 2009 ஆரம்பத்துல எல்லாம் ஷட்டர். அப்ப இந்த 2016 சட்டமே கிடையாது, அதுல வேலை பார்த்த பசங்க எங்க போய் கேக்கறதுன்னே தெரியாம நின்னாங்க. இப்ப கேக்கறதுக்கு ஒரு இடமாவது இருக்கு, அதுக்குத் தான் இவ்ளோ விவரம் எழுதறேன்.

வாஷிங் மெஷின் அண்ணன் இப்ப ஒரு சின்ன கடைல கமிஷனுக்கு இருக்காரு, மாசம் நிலையா இவ்ளோன்னு கிடையாது. டிவி பாய் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில ஸ்டோர்ஸ்ல சேர்ந்துட்டாரு, பத்து வருஷம் டிவி பேனலைப் பார்த்தே குறை சொல்லத் தெரிஞ்ச கை இப்ப சோல் எண்ணிக்கினு இருக்கு. பில்லிங் அக்கா இந்த சேல் முடியற வரைக்கும் இருப்பாங்க, அதுக்கு மேல என்னன்னு அவங்களுக்கே தெரியல, வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாது, பொண்ணு பிளஸ் டூ.

ஜூலை வந்தா விஐடி பசங்க லேப்டாப் வாங்க வருவாங்க, ஆடி ஆஃபர் வரும், அப்பறம் தீபாவளி சீசன், காட்பாடி ரோடு, ஆற்காடு ரோடு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடை வச்சிருக்கறவங்க எப்படியும் ஆள் எடுப்பீங்க. டிரெய்னிங் குடுக்க வேண்டாத ஆளுங்க இந்த மாசக் கடைசில வெளிய வர்றாங்க, பதினஞ்சு இருபது பேரு. சேல் முடியறதுக்குள்ள நேர்ல போய், பில்லிங் கவுன்ட்டர்ல கேளுங்க, யாரு எந்த செக்ஷன், எத்தனை வருஷம், எந்த ஊரு எல்லாம் அந்த அக்கா சொல்வாங்க. வாஷிங் மெஷின் அண்ணன் நம்பரும் அவங்ககிட்ட இருக்கு.